வீட்டுக்குள் வளர்க்கும் மிளகாய் நாற்று ஏன் திடீரென்று சாய்கிறது?

இதற்குப் பெயர் நாற்றழுகல். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூல் மாதிரி சுருங்கி மடங்கும். மேலே இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். காரணம் பித்தியம் என்ற நுண்ணுயிரி. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவுபவை. குமுளி, கம்பம் பக்கம் சாரல் நாட்களில் சன்னலைச் சாத்தி வைத்தால், ஈரத்துணியைச் சுருட்டி வைத்த கதைதான்.

சாய்ந்ததைச் சுற்று மண்ணோடு எடுத்துவிடுங்கள், அது பிழைக்காது. நாற்றுத் தட்டில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். நெருக்கமாக விதைக்காதீர்கள், காற்று நுழையட்டும். அடுத்த முறை விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளில் (கிலோ விதைக்கு 4 கிராம்) புரட்டி விதையுங்கள். என் கணிப்பில் இதுவே நல்ல காப்பு.

நாற்று துவண்டதும் தாகம் என்று நினைத்துப் பலரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேல்மண் ஈரமாக இருந்தால் அது தாகமே இல்லை.