மடிக்கணினியில் ஒலியே கேட்கவில்லை, ஆய்வேட்டில் என்ன எழுதுவது?

வணக்கம். கனடியக் கலைஞர் மைக்கேல் ஸ்னோவின் 'வேவ்லெங்த்' (1967) படத்தை ராயபுரம் வீட்டில் மடிக்கணினியில் பார்த்தபோது பாதிவரை ஒலி சரியாகக் கேட்கவில்லை, 'கலை வரலாற்றில் ஒலிக்கு என்ன வேலை?' என்று ஆய்வு வழிகாட்டியும் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பிரதியில் கோளாறு இருக்காது. அந்தப் படத்தில் ஒரு மின்னொலி 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு, மிகத் தாழ்ந்த ஒலி) தொடங்கி, சுமார் 40 நிமிடங்களில் 12,000 ஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. நல்ல ஹெட்போன் போட்டு, இரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓய்ந்த நேரத்தில் கேளுங்கள். முதலில் திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும், அப்புறம் ஒலியில்லாமல் படத்தை மட்டும், கடைசியில் இரண்டையும் சேர்த்து. ஓர் அறையின் எதிர்ச்சுவரை நெருங்கும் கேமராவின் ஜூம் விட்டுவிட்டு நகர்கிறது, ஒலியோ இடைவிடாமல் ஏறுகிறது. படம் தரும் பதற்றம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆய்வேட்டின் மையமாக இதையே வைக்கலாம்.

ஒலியை வார்த்தையில் விவரிக்கத் தயக்கமாக இருந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பழகுங்கள். விடியற்காலையில் படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக்குரல் மூன்றும் எந்தத் தூரத்திலிருந்து வருகின்றன, எது எதை மறைக்கிறது என்று நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியைத் திருத்தவும் ஆராயவும் உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். அதன் ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) ஸ்னோவின் ஒலி ஏறுகோடாகத் தெரியும். அந்த வரைபடத்தையும் ஆய்வேட்டில் சேருங்கள்.

வழிகாட்டியின் கேள்விக்குப் பதிலாக, ஜெர்மன் திரைப்பட இயக்குநர் வால்டர் ருட்மனின் 'வீக்கெண்ட்' (1930) பற்றிச் சொல்லுங்கள். ஃபிலிம் சுருளில் பதிவு செய்து, படமே இல்லாமல் பெர்லின் வானொலியில் ஒலிபரப்பான படைப்பு அது.