நடிக்கிறவனுக்கு எதற்கு டாக்டர்?

கேள்வி: ஊரை அடித்து உலையில் போட்டவனெல்லாம் ஜெயிலுக்குள் போனதும் 'எனக்கு மனநிலை சரியில்லை' என்று ஆரம்பித்துவிடுகிறான். தப்பே செய்யாத ஏழைக்கே மனநல டாக்டர் கிடைப்பதில்லை. கைதிக்குச் சிகிச்சை, மறுவாழ்வு என்று போன இதழில் உருகியிருந்தீர்கள். அவனால் பாதிக்கப்பட்டவர் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் இப்படித்தான் எழுதுவீர்களா?
— ஒரு வாசகர்

பதில்: ஒரே மூச்சில் மூன்று கேள்வி. சரி, முதலில் நடிப்பு.

பைத்தியம் என்று சொல்லித் தப்பிப்பது சினிமாவில் சுலபம். அமெரிக்காவில் எட்டு மாநிலங்களின் வழக்குகளை அலசி 1991-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பெரிய குற்ற வழக்குகளில் அந்த வாதத்தை எடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எடுத்தவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் பலித்தது. பலித்தவர் மட்டும் நேரே வீட்டுக்கா போகிறார்? மனநோயாளியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் 'மெக்நாட்டன் விதி'க்கே பெயர் கொடுத்த டேனியல் மெக்நாட்டன், 1843-ல் லண்டனில் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றவர். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னை விடாமல் துரத்துகிறார்கள் என்று உறுதியாக நம்பியவர். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது. அப்புறம் 1865-ல் சாகும்வரை 22 வருடம் பூட்டிய மனநல விடுதிகளில்தான் கிடந்தார்.

ஜெயிலில் இருக்கிற நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வாதத்தின் பக்கமே போவதில்லை. தனக்கு நோய் என்பதே பலருக்குத் தெரியாது. 24 நாடுகளில் 33,000-க்கு மேற்பட்ட கைதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் ஒரு கணக்கு வந்தது. ஏறக்குறைய 25 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு மாதிரியான தீவிர நோய். ஆண்களில் பத்தில் ஒருவருக்கும் பெண்களில் ஏழில் ஒருவருக்கும் கடுமையான மனச்சோர்வு. இத்தனை பேரும் கூடிப் பேசி வைத்து நடிக்க முடியாது.

அந்த 25-ல் ஒருவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று பாருங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரம். எல்லோரும் செல் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் சுவரோரம் குந்தியிருக்கிறார். 'எழுந்திருக்காதே, எழுந்தால் உன் தம்பியைக் கொன்றுவிடுவார்கள்' என்று அவர் காதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வார்டருக்கு அந்தக் குரல் கேட்காது. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் அசையவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுக்கிறார். குந்தியிருந்தவர் அலறிக்கொண்டு தள்ளிவிடுகிறார். ரிப்போர்ட்டில் இரண்டு வரி ஏறுகிறது: உத்தரவை மதிக்கவில்லை, பணியாளரைத் தாக்கினார். இரண்டும் பொய்யில்லை. தண்டனை, தனிக்கொட்டடி. அங்கே பேச ஆளே கிடையாது. அந்தக் குரலுக்கு இனி போட்டியே இல்லை. பத்து நாளில் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். அதற்கும் ஒரு ரிப்போர்ட்.

வார்டரைத் திட்டி என்ன பயன்? முறைக்கிறவனையும் நோயாளியையும் பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரப் போலீஸ் 1988-ல் தொடங்கி மற்ற ஊர்களும் எடுத்துக்கொண்ட பயிற்சி வெறும் 40 மணி நேரம். மனநோய் முற்றியவரிடம் எப்படி நின்று பேசுவது, எப்போது தொடக்கூடாது என்று அதில் சொல்லித்தருகிறார்கள். வார்டர்களுக்கு அந்த 40 மணி நேரத்தை ஒதுக்க முடியாத சிறைத்துறை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

தனிக்கொட்டடி பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பில்லாமல் அடைப்பதுதான் தனிமைச் சிறை. யாரையும் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் அப்படி வைக்கக்கூடாது. அதனால் நோய் முற்றும் என்றால் மனநலக் குறைபாடு உள்ளவரை அங்கே தள்ளவே கூடாது. தீவிர மனநோய் உள்ளவருக்குச் சிறையே நோயை முற்றவைக்கும் என்றால் அவரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று, நான் பேசும்போதெல்லாம் யாரும் நம்பாதது: மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் உடம்பு வியர்த்துத் தணிவதையே கெடுக்கும். காற்று வராத செல்லில் வெயில் காலத்தில் அந்த மாத்திரையோடு பூட்டினால் ஆளே போய்விடலாம்.

இரண்டாவது கேள்வி, வெளியே இருக்கிற ஏழைக்கே டாக்டர் இல்லை என்பது. முழுக்க உண்மை. அந்த ஏழைதான் ஐயா உள்ளே இருக்கிறார்! லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1939-லேயே 18 ஐரோப்பிய நாடுகளின் கணக்கை வைத்துச் சொன்னார்: மனநல மருத்துவமனையில் படுக்கை குறைவாக இருக்கிற நாட்டில் சிறையில் ஆள் அதிகம். ஒன்றால்தான் மற்றது வந்தது என்பதில் இன்றும் தகராறு உண்டு. ஆனால் சிகாகோவின் குக் கவுன்டி சிறையை நிர்வகிக்க 2015-ல் ஒரு மனநல நிபுணரைப் போட்டார்கள். யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள்.

இதுவும் புதிதில்லை. டொரோதியா டிக்ஸ் என்ற ஆசிரியை 1841-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிறைக்கு ஞாயிறு பாடம் நடத்தப் போனார். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிப் பெண்கள் கணப்பு இல்லாத அறையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பைத்தியங்களுக்குக் குளிர் உறைக்காது என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பதிலும் 'நடிக்கிறான்' என்பதும் ஒரே ரகம்தான். இரண்டையும் சொல்லிவிட்டால் கணப்பு வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் உண்டு: அசாமில் 1951-ல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட ஒருவர் 2005-ல்தான் வெளியே வந்தார். நடுவில் விசாரணையே நடக்கவில்லை. அவர் தேறிவிட்டார் என்று 1967-லேயே டாக்டர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டு ஆளாக இருந்தால்? ஆத்திரம்தான் வரும். அவன் உள்ளேயே அழுகிச் சாகட்டும் என்றுகூட நினைப்பேன். அதனால்தான் தண்டனை கொடுக்கும் வேலையை என்னிடம் விடாமல் கோர்ட்டிடம் விட்டிருக்கிறார்கள். கோர்ட் கொடுத்தது இத்தனை வருடச் சிறை. மாத்திரை தராதே, குரல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதுவதில்லை. ஆத்திரம் ஆறியபிறகு எனக்கு வேறொரு கவலை வரும். ஆயுள் முழுக்க உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் என்றைக்காவது வெளியே வருவார்கள். என் தெருவுக்கே வரலாம். எந்த நிலைமையில் வருவார்கள்?

வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் விகிதம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல். போதை மருந்தை அளவு மீறி எடுத்ததுதான் முதல் காரணம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒருவருக்கு கேட் திறக்கிறது என்று வையுங்கள். கையில் ஒரு பை, அதில் சில நாளுக்கு மாத்திரை. கிளினிக் போய்ச் சேருவதற்குள் மூடிவிட்டார்கள். தங்க இடம் ஒதுக்கும் ஆபீசும் மூடிவிட்டது. இனி திங்கட்கிழமைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்றே 2023-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: விடுதலை வெள்ளிக்கிழமை விழுந்தால் இரண்டு நாள் வரை முன்னதாக விடலாம். மறுவாழ்வு என்று நான் உருகியது இந்த மாதிரி சங்கதிகளுக்குத்தான். எந்தக் கிழமை விடுகிறார்கள், பையில் எத்தனை மாத்திரை இருக்கிறது, திங்கட்கிழமை வரை எங்கே படுப்பார்.