எது நான், எது நோய்?

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனியொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவுமீறித் துள்ளுவதும் சில காலம் ஆழ்ந்து சோர்வதுமான நோய், இருப்பதாக இரண்டு மாதங்களுக்கு முன் கோவையில் மருத்துவர் சொன்னார். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும்போதெல்லாம் குற்றவாளியைப் போல உணர்கிறேன். மூன்று இரவுகள் தூங்காமல் ஒரு பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்ததை என் பெருமையாக நினைத்திருந்தேன், அதுவும் நோய்தானா? "பொண்ணு பாக்கற நேரத்துல ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்கிறார் அம்மா.

பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

நோய் வந்ததைவிட, அந்த மூன்று இரவுகள் கைவிட்டுப் போனதே உங்களை அதிகம் வருத்துகிறது என்று உங்கள் கடிதத்தை வாசித்தபோது தோன்றியது. அது துக்கம்தான். நம் பக்கம் ஒரு சாவென்றால் துக்கம் விசாரிக்க ஊரே வரும். தன்னைப் பற்றி நம்பியிருந்த ஒன்றை இழந்தவர் அதை வெளியே சொல்வதில்லையாதலால், அவரிடம் விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. ஆகவே அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

ஆனால் பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது நோய், இது நான் என்று கூறுபோடும் வேலையை இப்போது செய்யாதீர்கள். தூங்காமலும் களைப்புத் தெரியாதிருந்தது கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். அந்த ஆர்டரின் நிறமும் அளவும் துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம்மும் உங்களுக்கு மனப்பாடமாக இருந்ததோ, நீங்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற தொழில்.

இரத்தப் பரிசோதனை அளப்பது மருந்தை, உங்களை அல்ல. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டு எழுதினார். இரத்தத்தில் அது குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ அளவு ஏறிவிடும். கைநடுக்கம் கூடி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனம் தெளிந்துவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அம்மாவின் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. ஊருக்கோ பங்காளிகளுக்கோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மணக்கப்போகும் பெண்ணிடம் மட்டும், நிச்சயத்துக்கு முன்பே, நீங்களே சொல்லிவிடுவதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

வாழ்வே வேண்டாமென்று தோன்றும் இரவு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை கோவைக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களிடம் கேட்கத் தயங்கி அவர் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்விகளை மருத்துவரிடமே கேட்கட்டும்.