ராக்கெட் இல்லாத அட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய புத்தகக் கடையில் ஐம்பது, அறுபதுகளில் வந்த அமெரிக்க அறிவியல் புனைகதைகள் சில கிடைத்தன. அட்டை ஓவியம் ரிச்சர்ட் பவர்ஸ். ராக்கெட் இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை. எலும்பா உலோகமா என்று தெரியாத ஏதோ மிதக்கிறது. இவர் கதையைப் படித்துத்தான் வரைந்தாரா?

க.

அன்புள்ள க.,

இணையத்தில் தேடினால் அதே பெயருள்ள நாவலாசிரியர்தான் முதலில் வருவார். இவர் வேறு, 1921ல் சிகாகோவில் பிறந்து 1996ல் மாட்ரிட்டில் மறைந்த ஓவியர்.

ஐம்பதுகளுக்கு முந்தைய மலிவு இதழ்களின் அட்டைகளைப் பாருங்கள். பச்சை அரக்கன், அலறும் பெண், துப்பாக்கியோடு நாயகன். யாருமே கண்டிராத ஒன்றைப் பற்றிய கதை, அட்டையிலேயே பொம்மையாகிவிடும். 1952ல் பதிப்பகம் தொடங்கிய இயன் பாலன்டைன் இந்தக் கதைகளை வளர்ந்தவர்களுக்கு விற்க நினைத்தார். பவர்ஸை வரையவிட்டார். 1953ல் ஆர்தர் கிளார்க்கின் ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ நாவல் அப்படித்தான் வந்தது.

பவர்ஸின் ஆதர்சங்கள் சர்ரியலிஸ்டுகளான, அதாவது கனவில் வருவதுபோல் வரைந்த ஓவியர்களான, ஈவ் தங்கியும் மத்தாவும். தங்கியின் ஓவியங்களில் கடலடித் தரை போன்ற வெளியில் பெயரில்லாத பொருட்கள் கிடக்கும். ஆனால் அவற்றின் நிழல் மட்டும் துல்லியமாக விழும். இல்லாத பொருளை நம்பவைப்பது அந்த நிழல்தான். பவர்ஸ் அதை எடுத்துக்கொண்டார். பல அட்டைகளில் கீழே ஒரு மூலையில் எறும்பளவு மனிதனையும் நிறுத்தினார். அவனைக் கண்டபிறகுதான் மேலே மிதப்பது எவ்வளவு பெரிது என்று உறைக்கும். கதையின் காட்சியை அவர் வரையவில்லை, அந்த உலகில் நாம் எவ்வளவு அந்நியம் என்பதை வரைந்தார். எனக்கு அது போதும்.

1962ல் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பல்லார்டின் ‘தி ட்ரவுண்ட் வேர்ல்ட்’ வந்தபோதும் அட்டை இவருடையதே. மாக்ஸ் எர்ன்ஸ்ட், டெல்வோ என்ற சர்ரியலிச ஓவியர்களை உள்ளேயே பேசும் நாவல் அது. அதற்கு வேறு யார் வரைந்திருக்க முடியும்?

உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறுமல்ல. நூற்றுக்கணக்கில் வரைந்தவர். சில அட்டைகளை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டாலும் தெரியாது.

2008ல் அறிவியல் புனைகதைக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற சாதனையாளர் பட்டியலில் இவரைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு இயனையும் அவர் மனைவி பெட்டி பாலன்டைனையும் சேர்த்தார்கள், அதுதான் நியாயம்.

உங்களிடம் இருப்பவற்றில் 1953, 54 பாலன்டைன் பதிப்பு ஏதும் இருந்தால் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். அந்த வருடங்களின் பவர்ஸ்தான் எனக்குப் பிடித்தவர்.