சர்ப்பகந்தா வேர்ப்பொடியை நாமே வாங்கிச் சாப்பிடலாமா?

ரத்தக்கொதிப்புக்கு சர்ப்பகந்தா நல்லது என்கிறார்களே, தினமும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மருந்துதான், ஆனால் கைவைத்தியமாக வேண்டாம். எங்கள் பெரியப்பா எடுத்தார், அதனால் சொல்கிறேன்.

பிரஷர் மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, அரை ஸ்பூனை ஒரு ஸ்பூன் ஆக்கினார். இரண்டாவது வாரம் மூக்கடைப்பு, எந்நேரமும் தூக்கம். நாங்கள் சளி என்றே நினைத்தோம். ஒருநாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பொடியை நிறுத்திய பிறகும் பத்து நாளைக்கு மேல் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது.

இந்த வேர் ஏமாற்றுவது அங்கேதான். இதிலுள்ள ரெசர்பின் என்ற வேதிப்பொருள், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் நார்அட்ரினலின், செரடோனின், டோபமைன் எல்லாம் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்படும் நுண்பைகளை நிரம்பவிடாமல் செய்துவிடும். இருப்பு மெல்ல மெல்லத்தான் தீரும், அதனால் பலன் தெரிய நாளாகும். சாப்பிடுகிறவர் பொறுமையிழந்து அளவைக் கூட்டுவார். அப்புறம் நிறுத்தினாலும் புது நுண்பைகள் வந்து நிரம்புகிற வரை, சிலருக்கு வாரக்கணக்கில், தாக்கம் போகாது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கும், மனச்சோர்வும் வரலாம். ரெசர்பின் மாத்திரையாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கால் மில்லிகிராமுக்குள்தான். வேரில் அது செடிக்குச் செடி மாறும், ஸ்பூனில் எப்படி அளப்பீர்கள்?

பழைய வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்த செடி இது, அலரிக் குடும்பம், காட்டு நிழலில் முழங்கால் உயரத்துக்கு வளரும். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேரைப் பற்றி எழுதினார்கள், 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் வெளியிட்டார், 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தில் ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இவ்வளவு பேர் மதித்த வேரைப் போலி என்று நான் சொல்லவில்லை. வேலை செய்வதால்தான் பயம்.

மனச்சோர்வு, வயிற்றுப்புண், கர்ப்பம், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை, இதில் எது இருந்தாலும் தொடவே வேண்டாம். சித்த மருத்துவரோ ஆயுர்வேத மருத்துவரோ பார்த்துக் கொடுத்தால், மற்ற மாத்திரைகளின் பெயரை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்களா? சரி, டாக்டரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.