110 கோடி டாலர் யார் கையில்?

கேள்வி: கனடாவில் மருத்துவக் கஞ்சா விளைவித்த கேனிமெட் நிறுவனத்தை இன்னொரு கஞ்சா நிறுவனமான அரோரா 110 கோடி கனடிய டாலருக்கு வாங்கியதே! செடிக்கு இவ்வளவு பணமா? இந்தத் தொழிலில் பங்கு வாங்கலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: 110 கோடியையும் கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுத்தார்கள் என்றா நினைத்தீர்கள்? 2018 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டில் ரொக்கத்துக்கு வைத்த உச்சவரம்பு 14 கோடி. மற்றதெல்லாம் அரோரா புதிதாக வெளியிட்ட சொந்தப் பங்குகள். ஒரு கேனிமெட் பங்குக்கு 3.4 அரோரா பங்கு. அன்றைய சந்தையில் அதன் மதிப்பு 43 டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். 2017 நவம்பரில் 24 டாலருக்கு மேல் கிடையாது என்று அடம்பிடித்தவர்கள் இவர்களேதான். இரண்டு மாதத்தில் செடி ஒன்றும் இரட்டிப்பாக வளர்ந்துவிடவில்லை. அரோராவின் பங்குவிலை எகிறியிருந்தது. ஊர்ப் பணத்தில் தாராளம் காட்டுவது எளிது.

கேனிமெட்டின் கதை இதைவிடச் சுவையானது. அதன் மூலநிறுவனமான ப்ரெய்ரி பிளாண்ட் சிஸ்டம்ஸ், சாஸ்கட்டூன் பெர்ரி நாற்று விற்கத் தொடங்கப்பட்டது. நோயாளிக்கு வழிவிடாத கஞ்சாத் தடை செல்லாது என்று 2000-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும், அரசுக்குச் செடி வளர்த்துத் தர ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைத்தது. மானிடோபாவின் ஃபிளின் ஃபிளானில், செம்பும் துத்தநாகமும் தோண்டிய சுரங்கத்தில், தரைக்குச் சுமார் 360 மீட்டர் கீழே மின்விளக்கு வெளிச்சத்தில் கஞ்சா வளர்ந்தது. திருடன் இறங்க முடியாத தோட்டம்! மேலே வந்த சரக்கைப் பற்றித்தான் நோயாளிகள் முணுமுணுத்தார்கள்: தண்டும் இலையுமாக அரைத்த தூள், வீரியமும் இல்லை, மணமும் இல்லை என்று. ஆனாலும் அரசுக்குச் சரக்கு தர வேறு நிறுவனம் கிடையாது. புதிய உரிமங்களுக்கு வழி திறந்த 2013 வரை இதே நிலைதான். போட்டி இல்லாத இடத்தில் புகாருக்குப் பதில் சொல்ல யாருக்கு அவசரம்?

அரோரா வாங்கியது அந்தத் தூளை அல்ல. உரிமத்தையும், மருந்துச்சீட்டுடன் வரும் வாடிக்கையாளர்களையும்தான். 2018-இல் பெரியவர்கள் எல்லோருக்கும் கஞ்சா சட்டபூர்வமாகும் என்ற எதிர்பார்ப்பில் நிறுவனங்கள் போட்டி போட்டு விலை ஏற்றின. அக்டோபர் 17 அன்று அந்த நாளும் வந்தது. விளைச்சல் மலையாகக் குவிந்தது. விற்கக் கடைகள் போதவில்லை, கள்ளச்சந்தையும் கலையவில்லை. பங்குவிலை அடிமட்டத்துக்குப் போனதால், 2020 மே மாதம் அரோரா 12 பங்குகளை ஒன்றாகச் சுருக்கியது. அதற்குச் சற்று முன், பங்குகளாக வாங்கி வைத்திருந்த கேனிமெட்காரரின் 43 டாலருக்கு ஐந்து டாலர்கூடத் தேறவில்லை.

பங்கு வாங்குவது உங்கள் விருப்பம். அதற்கு முன், கண்ணில் பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: விற்காமல் கிடங்கில் கிடக்கும் சரக்கு எவ்வளவு, சென்ற ஆண்டு புதிதாக வெளியிட்ட பங்குகள் எத்தனை. பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.