மொரீசியஸ் இளஞ்சிவப்புப் புறா: கேட்டதும் சொன்னதும்

மொரீசியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா படத்தைப் போன வாரம் நம் வேலூர் பறவைக் குழுவில் போட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன, ஒன்றாகச் சேர்த்தே பதில் சொல்கிறேன். விலை கேட்க வந்தவர்கள் மூன்றாவது பதிலைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

காட்பாடி: சார், இது சாயம் பூசினதா? சந்தையில் கலர் கோழிக்குஞ்சு விற்கிற மாதிரி இருக்கே.

சாயம் இல்லை, இயற்கை நிறம்தான். தலையும் மார்பும் வெளிர் ரோஜா, இறக்கை பழுப்பு, வால் செங்கல் நிறம். அலகு, கால், கண்ணைச் சுற்றிய வளையம் மூன்றும் சிவப்பு.

போளூர்: ஜவ்வாது மலையில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இல்லை. இது மொரீசியஸை விட்டால் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. இறக்கை பச்சையாக இருந்திருந்தால் நீங்கள் பார்த்தது நம் மாநிலப் பறவையான மரகதப்புறா. அதற்கும் மார்பு ஊதா கலந்த சிவப்பாக இருக்கும்.

குடியாத்தம்: ஒரு ஜோடி என்ன விலை வரும்?

விற்பனைக்கு இல்லை. எந்த விலைக்கும் இல்லை.

வாலாஜா: இவ்வளவு அழகான பறவை எப்படி அழியும் நிலைக்குப் போனது?

முதலில் காடு போனது. கரும்புக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டி வெட்டி, நல்ல நிலையில் இருக்கும் பழைய காடு இன்று தீவில் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கப்பலில் எலி வந்தது, பூனை வந்தது, ஜாவா பக்கத்துக் குரங்கு வந்தது. எலியை ஒழிக்கிறேன் என்று 1900 வாக்கில் நம் நாட்டுக் கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். புறாவின் கூடோ நாலு குச்சியைக் குறுக்கே போட்டது போன்ற ஒரு தட்டு. அதில் இரண்டு வெள்ளை முட்டை. மரமேறும் எலிக்கும் குரங்குக்கும் அது பரிமாறி வைத்த இலைதான். இரை தேடித் தரையில் இறங்கினால் பூனையும் கீரியும் காத்திருக்கும்.

1990 வாக்கில் காட்டில் மிஞ்சியவை சுமார் பத்து. அவை கூடு கட்டித் தப்பித்தது ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட தேவதாரு மாதிரியான மரக்கூட்டத்தில். சொந்தக் காடு கைவிட்டது, அந்நிய மரம் காப்பாற்றியது!

1970களிலேயே சில பறவைகளைப் பிடித்து மொரீசியஸிலும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஜெர்சி தீவில் எழுத்தாளர் ஜெரால்ட் டரல் நடத்திய விலங்குக் காப்பகத்திலும் வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். 1987 முதல் காட்டில் விட்டார்கள். கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர் இது போன்ற பறவைகளைக் காக்க அங்கே வருஷக்கணக்கில் கிடந்தார். இன்று நானூறு, ஐந்நூறு என்று தேறியிருக்கிறது.

ஆம்பூர்: பந்தயப் புறா வளர்க்கிறேன். சரியாக அடைகாக்காத ஜோடியின் முட்டையை எடுத்து வேறு ஜோடிக்கு வைப்போம். அங்கே அப்படிச் செய்தார்களா?

இதுதான் கேள்வி பாய்! அதேதான் செய்தார்கள். நம் கள்ளிப்புறா ஜாடையில் ஒரு வளர்ப்புப் புறா உண்டு, அதன் அடியில் முட்டையை வைத்துப் பொரிக்க விட்டார்கள். புறாக்குஞ்சு முதல் சில நாள் தாய் தகப்பன் தொண்டைப்பையில் சுரக்கும் பாலில்தான் வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கொடுக்க இன்னொரு புறாதான் வேண்டும். இப்போதுள்ள சிக்கலும் உங்களுக்குப் புரியும்: எல்லாம் ஒரு சில ஜோடியின் வம்சம், ஒரே ரத்தம். அதனால் முட்டை பொரிவதும் குஞ்சு தேறுவதும் குறைவு. வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் உள்ள ரத்தத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள்.

சத்துவாச்சாரி: அங்கே காட்டுப் புறாவுக்கே கோதுமை வைக்கிறார்களாம். கோட்டையில் நாங்கள் கம்பு போட்டால் மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

திட்டவில்லை, போட வேண்டாம் என்று சொன்னேன். அங்கே தீனி வைப்பது காட்டில் பழமும் பூவும் போதாததால். கோட்டை மதில் பொந்தில் இருக்கும் மாடப்புறாவுக்கு ஊரே சோறு.

சத்துவாச்சாரி: வாயில்லா ஜீவனுக்குப் போடுவது புண்ணியம் சார்.

புண்ணியக் கணக்கை நான் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்க்கிறேன். புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: வாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி ஒட்டியிருக்கும், இரை இறங்காது, குஞ்சு செத்துப்போகும். டிரைக்கோமோனாஸ் என்ற ஒரு செல் கிருமி. எச்சில் பட்ட தானியம், ஒரே தண்ணீர்த் தொட்டி, தாய் ஊட்டும் பால், இவற்றில் பரவும். இளஞ்சிவப்புப் புறாக் குஞ்சுகளை இதுவும்தான் வாரிக்கொண்டு போகிறது. நம் ஊர் மணிப்புறாவை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அதுவும் இதைச் சுமக்கும். கூட்டமாக ஒரே இடத்தில் தின்ன வைத்தால் இதுதான் நடக்கும்.

ஆம்பூர்: சார் சொல்வது சரி. ஆனால் அங்கேயும் தீனி வைக்கிற இடத்தில் கூட்டம் கூடுமே?

கூடும் பாய். அங்குள்ளவர்களுக்கே அது தலைவலிதான். தீனியை நிறுத்தினால் பட்டினி, வைத்தால் நோய். அதனால் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை.

சத்துவாச்சாரி: அப்போ தண்ணீராவது வைக்கலாமா?

வையுங்கள். தினமும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ராணிப்பேட்டை: ஜோடி எவ்வளவு சார்?

மூன்றாவது பதில்.

ஆரணி: டோடோவுக்கு இது சொந்தமா?

அழிந்துபோன டோடோவும் புறா இனம்தான், அதே தீவுதான். ஆனால் உயிரோடிருப்பவற்றில் டோடோவுக்கு மிக நெருக்கம் நிக்கோபார் புறா.

வாணியம்பாடி: பிரியாணிக்கு ஆகுமா?

இந்தக் கறி தின்றால் விஷம் என்று அங்கே பழைய பேச்சு ஒன்று உண்டு. உங்களைப் போன்றவர்களுக்காகக் கிளப்பிவிட்டிருப்பார்கள்.

திருப்பத்தூர்: பள்ளி விழாவில் வெள்ளைப்புறா பறக்கவிடப் போகிறோம். ஏலகிரியில் விடலாமா?

வேண்டாம். கடைப்புறாவுக்குக் காட்டில் இரை தேடத் தெரியாது, பருந்துக்குப் போகும். பிழைத்தால் மேலே சொன்ன கிருமியை அங்குள்ள பச்சைப்புறாவுக்கும் மரகதப்புறாவுக்கும் கொடுக்கும். பலூனும் வேண்டாம், அதையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

சோளிங்கர்: நம் பக்கம் வளர்க்க லைசென்ஸ் கிடைக்குமா?

மூன்றாவது பதிலைப் படியுங்கள் ஐயா. தயவுசெய்து.

வேலூர்: என் பெண் மொரீசியஸில் இருக்கிறாள், அடுத்த மாதம் போகிறேன். எங்கே பார்க்கலாம்?

கொடுத்து வைத்தவர் அம்மா. அங்கே ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும், பயமில்லாமல் போங்கள். தென்கிழக்கில் மாயபூர் என்ற ஊரை ஒட்டி இல் ஓ செக்ரெத் என்று ஒரு குட்டிப் பவளத்தீவு, சுமார் 26 ஹெக்டேர். எலியையும் பூனையையும் அங்கே ஒழித்துவிட்டார்கள். படகில் கூட்டிப்போய் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள். காட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் பிளாக் ரிவர் தேசியப் பூங்கா, ஆனால் நடக்க வேண்டியிருக்கும். எந்தப் பறவை என்று அடையாளம் காணப் புறா காலில் வண்ண வளையங்கள் போட்டிருக்கும், போட்டோ எடுக்கும்போது கால் தெரிகிற மாதிரி எடுங்கள். படகில் ஏறும் முன் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுங்கள், பையில் பழம், விதை எதுவும் வேண்டாம்.